காய்ந்த துணியில் வந்த நுரை

நம்மில் ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. வளர்ந்தவர்களுக்கு ஒன்று மறந்திருக்காது: துணியில் தைத்த எண். சட்டைக் காலரின் உள்பக்கம், பாவாடை நாடாவுக்குப் பக்கத்தில், போர்வையின் ஓரத்தில் என்று சிவப்பு நூலால் அம்மா தைத்து அனுப்பிய எண். என்னுடையது பதினேழு. எங்கள் அம்மாவுக்கு ஏழு சரியாக வராது; மேல்கோடு நீண்டு வளைந்து அரிவாள் மாதிரி தெரியும். அதனால் அறுபது பேர் துணி குவிந்து கிடந்தாலும் என்னுடையதை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். இன்றைக்கும் வாஷிங் மெஷினிலிருந்து துணியை அள்ளும்போது கை தன்னால் காலரைத் திருப்பிப் பார்க்கிறது. என் மகள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

ஏற்காட்டில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். அதன் ஹாஸ்டலில் ஆறாவது படிக்கும்போது நடந்ததைச் சொல்லப் போகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்களின் பெயரும் வேண்டாம்.

என் அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மலையின் அந்தப் பக்கம், பஸ் போகாத இடம். அங்கே ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. எஸ்டேட் மேனேஜர் கொடுத்த கடிதத்தை வைத்துத்தான் எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. என்னை விட்டுவிட்டுப் போகும்போது அப்பா என் தலையில் கை வைத்து, "ஒரு புகார் வரக்கூடாது கண்ணு. அவரு முன்னால நாந்தான் நிக்கோணும்" என்றார். பத்து வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய சொல்தான். ஆனால் அதை நான் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தலைச்சோலை என்ற மலைக் கிராமத்திலிருந்து வந்தவள். மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ராகியும் விளைவிக்கிற குடும்பம். கொஞ்சம் காபிச் செடியும் ஆரஞ்சு மரங்களும் உண்டு. ஹாஸ்டலில் எல்லோரும் அவளைத் தலைச்சோலைக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் எனக்கும் கீழே. பென்சில் சீவினால் அந்தச் சீவலை வீசாமல் புத்தகத்துக்குள் வைத்து மோந்து பார்ப்பாள். "எங்கூட்டுப் பின்னால மரம் அறுத்தா இப்படித்தான் வாசம் வரும்" என்பாள்.

அந்த வருஷம் பொங்கல் லீவு முடிந்து திரும்பியபோது ஸ்டோர் ரூமில் பெரிய பெரிய மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதுவரை எங்களுக்குக் கட்டிச் சவுக்காரம்தான். அரக்கு நிறத்தில் செங்கல் நீளத்துக்கு வரும். ஆயாம்மா அதை நூல் போட்டு அறுத்துக் கொடுப்பார். மூட்டைகளில் இருந்தது சலவைப் பவுடர். சேலத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதில் ஒரு பெயரோ படமோ கிடையாது, வெறும் சாக்கு. உள்ளே நீல நிறத்தில் பொடி. வார்டனம்மா ஒரு கைப்பிடி அள்ளி எங்களுக்குக் காட்டினார்.

"இனிமே நம்ம பிள்ளைங்க சட்டை பால் மாதிரி இருக்கோணும். யாரு பாத்தாலும் எந்த ஸ்கூல் பிள்ளைங்கன்னு கேக்கோணும்."

எங்களுக்கும் அது திருவிழாவாகத்தான் இருந்தது. சிமெண்ட் தொட்டியில் பொடியைக் கொட்டி ஆயாம்மா கையால் அடித்தால் முழங்கை உயரத்துக்கு நுரை எழும்பும். நாங்கள் நுரையை அள்ளித் தாடி வைத்துக்கொண்டோம். மூக்கில் ஏறினால் தும்மல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். துணியைக் கல்லில் அடித்துத் துவைக்க வேண்டாம் என்று ஆயாம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது வாரமே அவருடைய உள்ளங்கை தோல் உரிந்து, வெடித்து, சாயங்காலமானால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டால், "வயசாகுதல்ல" என்பார். நாங்களும் நம்பினோம். பெரியவர்களுக்கு எது வந்தாலும் வயசுதான் காரணம் என்று நினைத்த வயது அது.

மாசி பிறப்பதற்குள் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஏற்காட்டில் ஏரி இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, ஆனால் கோடை தொடங்கும் முன்பே குடத்தோடு அலைகிற ஊர் அது என்பது டூரிஸ்டுகளுக்குத் தெரியாது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. சனிக்கிழமை தலைக்கு அரப்பு இலைத் தூள் தேய்த்துக் குளிக்க மட்டும் இரண்டு வாளி. அந்தப் பச்சை விழுதின் வழவழப்பும், எத்தனை ஊற்றினாலும் காதோரத்தில் தங்கிவிடும் துகளும் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கு வார்டனம்மா ஒரு சட்டம் போட்டார்: "ஒரு தண்ணியில அலசினா போதும்."

ஒரு தண்ணீரில் அலசிய துணி வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. மடித்தால் மொடமொடவென்று சத்தம் வரும். எங்களுக்கு அதுவே பெருமையாக இருந்தது. கஞ்சி போட்ட மாதிரி இருக்கிறதே!

முதலில் அரித்தது எனக்குத்தான்.

இந்த ஒரு வரியைச் சொல்ல அப்போது எனக்குப் பல வாரம் பிடித்தது. பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், இடுப்பைச் சுற்றி, ஒரு சிவப்புக் கோடு. இரண்டு நாளில் அது பொரிப்பொரியாக ஆனது. சொறிந்தால் ரத்தம் கசிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் அப்பா மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமைதோறும் வார்டனம்மா எங்களை வரிசையில் நிற்க வைத்து நகம், தலை, கழுத்து, முழங்கை பார்ப்பார். இடுப்பைப் பார்க்க மாட்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

தலைச்சோலைக்காரிக்கு அது கழுத்தில் வந்தது.

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் வார்டனம்மா, அவள் காலரை விரலால் விலக்கி.

"பொங்கலுக்குப் பொறவுங்கம்மா."

"ஊருக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து. ஆடு மாடெல்லாம் ஊட்டுக்குள்ளயா கட்டறீங்க?"

"இல்லீங்கம்மா. பட்டியிலதானுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்து இன்னொருத்தி. நானும் சிரித்தேன். என் நாடாவுக்கு அடியில் தீப்பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது, நான் சிரித்தேன்.

சொறி சிரங்கு, ஒட்டிக்கொள்ளும் என்று முடிவாகிவிட்டது. அவளை விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த நோய் அறையில் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளை மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை பூசினார்கள். அந்தக் குளிரில் அது காய்கிறவரை துணி போடாமல் நிற்க வேண்டும். மருந்தின் நெடி கொட்டகை விறகில்கூட ஏறியிருந்தது. அவள் துணியை மட்டும் தனியாக, மற்றவர்களுக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு பவுடர் போட்டுத் துவைத்தார்கள். கிருமி சாக வேண்டும் என்றுதான். அவளுக்கு அரிப்பு முதுகு முழுக்கப் பரவியது. பரவப் பரவப் பவுடரும் கூடியது.

சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாகக் கொடுப்பது என் வேலை. தட்டை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு என்ன கணக்கு போட்டாங்க?" என்று கேட்பாள். நான் சொல்லுவேன். சொல்லிக்கொண்டே இடுப்பைச் சுவரின் மூலையில் உரசிக்கொள்வேன். எனக்கும்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். அப்பாவின் முகம் வந்து நின்றுகொள்ளும்.

வார்டனம்மாவை நீங்கள் கெட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. இப்போது யோசித்தால் அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. என் மகளைவிடச் சின்னவர். அறுபது பிள்ளைகளுக்கு அவர் ஒருத்திதான் தாய், தகப்பன், போலீஸ் எல்லாம். முன்னால் அவர் வேலை பார்த்த ஹாஸ்டலில் அம்மை பரவி ஒரு குழந்தை இறந்துபோயிருக்கிறது. இதை ஆயாம்மா எனக்குச் சொன்னது நான் பத்தாவது படிக்கும்போது. ஒரு பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது தெரிந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அவர் கண் முன்னால் வந்திருப்பார்கள். பயந்துபோன மனுஷி. அந்தப் பயம் எங்கள் கண்ணுக்குக் கண்டிப்பு மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துத் தலைச்சோலைக்காரியின் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். குள்ளமான உருவம். வெறுங்கால். மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகியவர்களின் வேக நடை. தலையில் ஒரு சாக்குப் பை. அதில் எங்கள் எல்லோருக்குமாக ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். மகளின் முதுகைப் பார்த்தார். கையால் தடவாமல், விரல் நுனியால் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு எடுத்தார்.

"ஊட்டுல யாருக்கும் இல்லீங்களேம்மா."

"இப்ப இருக்காது. பொறவு வரும். ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் திரும்பச் சேத்துக்குவேன்."

"படிப்பு போயிருமுங்களே."

வார்டனம்மா பெட்டியை எடுத்து வரச் சொன்னார். அந்த அம்மா மகளின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆரஞ்சுப் பழங்களை எங்களுக்குத் தரவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஸ்டோர் ரூம் ஜன்னலிலேயே கிடந்து, தோல் சுருங்கி, கடைசியில் ஆயாம்மா குப்பைக் குழியில் கொட்டினார். அன்று சாயங்காலம் முழுக்கப் பின்கட்டில் ஆரஞ்சு வாசம்.

அவள் போன பிறகும் அரிப்பு போகவில்லை. ஐந்து பேருக்கு வந்தது, பத்துப் பேருக்கு வந்தது. ஏழாம் வகுப்பு அக்கா ஒருத்தி பிரேயரில் நின்றபடி அழுதுவிட்டாள். நோய் அறையில் இடம் போதவில்லை. வார்டனம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆயாம்மா சமையல்காரம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். நாங்கள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலை, அந்த அம்மா தனியாக வந்து நின்றார்.

"புள்ளைக்குச் சுத்தமாச் சொகமாயிருச்சுங்கம்மா. நாளைக்குக் கூட்டியாந்தா சேத்துக்குவீங்களான்னு கேட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"டாக்டருகிட்டப் போவலீங்க. மருந்தும் போடலீங்க. தானாப் போயிருச்சுங்க." அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் ஆளுக்கொரு இடத்தில் சொறிந்துகொண்டிருந்தோம். "ஏனுங்கம்மா, எம்புள்ள போயி இத்தன நாளாச்சுங்க. இவுங்க இன்னும் சொறியறாங்களே, இது ஆருகிட்ட இருந்து வந்துச்சுங்க?"

குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். வார்டனம்மாவுக்கு முகம் சிவந்தது.

அந்த அம்மா ஆயாம்மாவின் கையைப் பார்த்தார். "கையைக் காட்டுங்கக்கா" என்று உள்ளங்கையைத் திருப்பி, வெடிப்புகளைப் பார்த்தார். பிறகு கொடியில் கைக்கு எட்டிய ஒரு துணியை இழுத்தார். காய்ந்து விறைத்த உள்பாவாடை. "நல்ல தண்ணி ஒரு கிண்ணி குடுங்கக்கா" என்றார். சமையலறையிலிருந்து பித்தளைக் கிண்ணியில் குடிதண்ணீர் வந்தது. அந்தப் பாவாடையின் நாடாப் பக்கத்தைத் தண்ணீரில் அமுக்கி, இரண்டு கையாலும் கசக்கினார்.

நுரை வந்தது.

துவைத்து, அலசி, காய்ந்து, மடிக்க எடுத்த துணியிலிருந்து கிண்ணியின் விளிம்புவரை வெள்ளை நுரை பொங்கி வழிந்தது. ஆயாம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். வார்டனம்மா குனிந்து, நுரையைத் தொட்டு, விரலை உரசிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதைத்தானுங்கம்மா புள்ளைங்க நாளெல்லாம் உடுத்திட்டு இருக்குது. எங்கூட்டுல பூந்திக்கொட்டையில தொவைச்சேனுங்க. அதுல இவ்வளவு நொரை வராது, ஒரு தண்ணியில போயிரும்."

நான் அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடாவுக்குப் பக்கத்தில் சிவப்பு நூலில் ஒரு ஒன்று, ஒரு அரிவாள். அதற்குக் கீழே, எந்தப் பவுடரிலும் போகாத பழுப்புப் புள்ளிகள். ரத்தம் உலர்ந்த புள்ளிகள். அந்த அம்மாவும் அவற்றைப் பார்த்தார். பாவாடையைப் பிழிந்து, உதறி, "இது ஆருதுங்க?" என்றார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளுக்கு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "நொம்ப அரிக்குதா சாமி?" என்றார்.

அன்று அழுத மாதிரி நான் என் கல்யாணத்தில்கூட அழவில்லை.

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வார்டனம்மாவிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஒரு வாரம்" என்றார் வார்டனம்மா கடைசியில். "அந்தக் கொட்டையில தொவைச்சுப் பாக்கலாம். அரிப்பு நின்னா உங்க புள்ளையச் சேத்துக்கறேன்."

மறுநாளே தலைச்சோலைக்காரியின் அம்மா இரண்டு சாக்குப் பூந்திக்கொட்டையோடு வந்தார். சருகுப் பழுப்பு நிறத்தில், சுருங்கிய தோலோடு, கையில் எடுத்தால் லேசாகப் பிசுபிசுக்கும் காய்கள். பள்ளி விட்டதும் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கல்லால் தட்டி உள்ளிருக்கும் கறுப்பு விதையை எடுத்துப் போட்டோம். விதை பளபளவென்று மான் கண் மாதிரி இருக்கும்; ஒவ்வொருத்தியும் பாவாடை மடியில் ஒளித்துக்கொண்டோம். தோலை ராத்திரியெல்லாம் ஊற வைத்து, காலையில் அண்டாவில் போட்டுக் கொதிக்கவிட்டார். சர்க்கரைப் பாகு புளித்த மாதிரி ஒரு வாசம் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. பிசைந்து வடிகட்டினால் பால் விடாத காபி மாதிரி ஒரு தண்ணீர். அதில் துணியை நனைத்து வைத்து, கசக்கி, ஒரு முறை அலசினால் முடிந்தது.

ஆயாம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது ஹாஸ்டலா, காடா? கொட்டையப் போட்டுத் தொவைக்கறதுக்கு!" என்று முணுமுணுத்தார். மூன்றாம் நாள், உள்ளங்கை எரியவில்லை என்று சமையல்காரம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார்.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. நுரை கண்ணில் பட்டால் உயிர் போகும். எட்டாவது அக்கா ஒருத்தி அரை மணி நேரம் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கறை போகவே போகாது. வெள்ளைச் சட்டை பால் மாதிரி இல்லை, டீ கலந்த பால் மாதிரி ஆனது. ஊரிலிருந்து நடந்து வந்து படிக்கிற பிள்ளைகள், "காபித் தண்ணியில தொவைச்சீங்களா?" என்று கேலி பண்ணினார்கள். ஆனால் சட்டை மெத்தென்று இருந்தது. என் இடுப்பில் நாடா கட்டினால் வலிக்கவில்லை. நாலாம் நாள் காலையில், வகுப்புக்குப் போன பிறகுதான் இன்னும் ஒரு முறைகூடச் சொறியவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பவுடர் கொடுத்த புண்ணியவான் வந்தார். எங்களைச் சீருடையில் நிற்க வைத்து போட்டோ எடுப்பதாக முன்பே ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் வார்டனம்மா ஸ்டோர் ரூம் வாசலில் வெகுநேரம் நின்றார். வெள்ளைச் சட்டைகளை மட்டும் ஒரே ஒரு முறை பவுடரில் போட்டு எடுத்தால் என்ன என்று ஆயாம்மா கேட்டார். வார்டனம்மா, "வேண்டாம், பூட்டுங்க" என்றார்.

நாங்கள் மங்கலாக வரிசையில் நின்றோம். வந்தவர் நல்ல மனிதர்தான். வாஞ்சையோடு எங்களைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "பவுடர் தீந்து போச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. தரை கழுவறோம், கக்கூஸ் கழுவறோம், நொம்ப நல்லாருக்குது. பிள்ளைங்க துணிக்கு நாலு தண்ணி அலசோணும். எங்க கிணத்துல அந்தத் தண்ணி இல்லீங்க" என்றார் வார்டனம்மா. அவர் யாரிடமாவது பயந்து பேசி அன்றுதான் பார்த்தேன். அந்த ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. போட்டோவில் நாங்கள் எப்படி வந்தோம் என்பது தெரியாது. எனக்கு அதன் பிரதி கிடைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வார்டனம்மா என்னைக் கூப்பிட்டார். "நீதான அவ பெஞ்சுல உக்காருவ? கெளம்பு." ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கு நடந்து போய் பஸ் பிடித்தோம். பத்து நாளைக்கு முன்னால் ஒரு மழை பெய்திருந்தது. காபி பூத்து, வழி நெடுக மல்லிகைத் தோட்டத்துக்குள் போகிற மாதிரி வாசம். வார்டனம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம்; ஒண்டிக்கடையில் வாங்கிய பன்.

இறங்கிக் கொஞ்ச தூரம் மேட்டில் நடந்தால் அவர்கள் வீடு. சாணம் மெழுகிய வாசல். ஆடுகள் பட்டியில்தான் இருந்தன, வீட்டிலிருந்து தள்ளி. வார்டனம்மா அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வாங்கம்மா" என்று அந்த அம்மா பாய் விரித்தார். பின்னால் தலைச்சோலைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் தடம்கூட இல்லை.

வார்டனம்மா உட்காரவில்லை. நின்றபடியே, "நான் தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. அத்தன பேர் முன்னால சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "பரவால்லீங்கம்மா" என்று அவள் கதவிடம் சொன்னாள். அந்த அம்மா, "சாப்பிடுங்கம்மா, சாமைச்சோறு ஆறிப்போவுது" என்று தட்டை வைத்தார். வார்டனம்மா உட்கார்ந்து, அவரைக் கொட்டைக் குழம்பு ஊற்றி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நாங்கள் இருவரும் வீட்டுக்குப் பின்னால் போனோம். காட்டோரத்தில் பூந்திக்கொட்டை மரம், கீழே காய் உதிர்ந்து கிடந்தது. அவள் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. உனக்கு முன்னாடியே. நான் சொல்லல."

"தெரியும்."

"உங்கம்மா சொன்னாங்களா?"

"எங்கம்மா ஒண்ணும் சொல்லல. பிரேயர்ல எல்லாரும் கண்ண மூடுவீங்க, நான் மூட மாட்டேன். நீ பெஞ்சு மொனையில இடுப்ப ஒரசறத டெய்லி பாப்பேன்."

"அப்ப ஏன் வார்டனம்மாட்டச் சொல்லல?"

அவள் ஒரு காயை எடுத்து, மண்ணைத் துடைத்து, மடியில் போட்டாள். "ரெண்டு பேரையும் ஊட்டுக்கு அனுப்பிட்டா, நான் திரும்பி வர்றப்ப ஆரு எங்கூட உக்காருவா?"

திரும்பி வருவோம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்திருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் திரும்பினோம். வார்டனம்மா நடுவில். பாதி வழியில் நான் சொல்லிவிட்டேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை. மரத்தடியில் ஒரு முறை சொல்லியாயிற்று, அடுத்த முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"அம்மா, மொதல்ல அரிச்சது எனக்குத்தானுங்க. இடுப்புல. நான் மறைச்சுட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார், அப்பாவுக்குக் கடிதம் போகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்ப இருக்கா?"

"இல்லீங்கம்மா."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்கம்மா."

"எதுக்குப் பயம்? எம்மேலயா?"

அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், மேனேஜர் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து தலைச்சோலைக்காரியும், யாரும் கேட்காமலே, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

வார்டனம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேராகப் பார்க்க ஆரம்பித்தார். அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது; பஸ்ஸுக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது.

இறங்கியதும் அவள் பெட்டியை வார்டனம்மாவே வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஹாஸ்டல் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால் அவர் முன்னால் நடப்பார், நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம், அதுதான் வழக்கம். அன்றைக்கு அவர் நகராமல் நின்றார். நாங்கள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, இன்னொரு கையை நீட்டினார். ஒரே கைதான் இருந்தது. நான் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே ரோட்டைத் தாண்டினோம்.